கர்சிவ்: தனி எழுத்து அழகு, சொல் மட்டும் ஏன் உடைகிறது?

கேள்வி: மகள் மூன்றாம் வகுப்பு. இடதுகைப் பழக்கம். தினமும் நாலு கோடு நோட்டில் இரண்டு பக்கம் கர்சிவ் (ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதும் முறை) எழுத வைக்கிறேன். தனித்தனி எழுத்து நன்றாக வருகிறது. சொல்லாக எழுதினால் உடைந்து போகிறது. கொஞ்ச நேரத்திலேயே கை வலிக்கிறது என்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த இரண்டு பக்கத்தை நிறுத்துங்கள். மாதிரியைப் பார்த்து எழுதுவது முதல் வரியோடு சரி. அதற்குப் பிறகு குழந்தை மேல்வரியில் இருக்கும் தன் எழுத்தையே பார்த்து எழுதும். பிழை வரிக்கு வரி கூடும். நாளுக்கு 10 நிமிடம், நான்கு வரி போதும். வரி முடிந்ததும் அதில் நன்றாக வந்த சொல்லை அவளையே வட்டமிடச் சொல்லுங்கள்.

சொல் உடைவது இணைப்புக் கோட்டில். ஏ முதல் இசட் வரை தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தால் அந்தக் கோடு பழகவே பழகாது. சின்ன எழுத்துகளில் பெரும்பாலானவை அடிக்கோட்டில் (நடுக்கட்டத்தின் கீழ்க்கோட்டில்) முடிந்து, அடுத்த எழுத்துக்கு மேலேறும். 'ஓ', 'பி' (b), 'வி', 'டபிள்யூ' நான்கும் விதிவிலக்கு. இவற்றின் வால் நடுக்கட்டத்தின் மேல்கோட்டுக்குப் பக்கத்தில் முடியும். அங்கிருந்தே லேசாகத் தொய்ந்து அடுத்த எழுத்தைப் பிடிக்க வேண்டும். அடிக்கோடு வரை இறக்கிவிட்டால் 'ஓ' பார்வைக்கு 'ஏ' ஆகிவிடும், 'வி' 'யு' ஆகிவிடும். இந்த நான்குக்குப் பின் 'இ' வரும்போதுதான் அதிகம் தடுமாறுவார்கள். வழக்கமாக அடியிலிருந்து ஏறிக் கண்ணி போடும் 'இ', இங்கே மேலிருந்து சற்று இறங்கிக் கண்ணி போட வேண்டும். ஆகவே இரண்டிரண்டு எழுத்தாகப் பழக்குங்கள்: ஓ-என், ஓ-இ, டபிள்யூ-இ, வி-இ, பி-இ. இவை சரியானபின் மூன்றெழுத்துச் சொற்கள்.

வரிசையையும் மாற்றுங்கள். ஒரே மாதிரிக் கையசைவுள்ளவை சேர்ந்து வரட்டும்: முதலில் 'ஐ', 'யு', 'டபிள்யூ', பிறகு மேல்கண்ணி உள்ள 'இ', 'எல்', 'ஹெச்', 'கே', அடுத்து வட்டத்தில் தொடங்கும் 'சி', 'ஏ', 'ஓ', 'ஜி', பின்பு 'என்', 'எம்'. வட்ட எழுத்துகளைக் கடிகாரத்தில் 2 மணி இருக்கும் இடத்தில் தொடங்கி, இடப்பக்கமாகச் சுற்றி, 'சி' தவிர மற்றவற்றைத் தொடங்கிய இடத்திலேயே மூட வேண்டும். உச்சியில் தொடங்கினால் வாய் மூடாமல் 'ஏ' 'யு' போல நிற்கும். 'ஐ'க்குப் புள்ளியும், 'டி'க்குக் குறுக்குக்கோடும் சொல் முழுதும் முடிந்த பிறகுதான். நடுவில் வைக்கப் போனால் அங்கேயே சொல் அறுந்துவிடும். பெரிய எழுத்துகள் கடைசியில் போதும். 'ஓ', 'வி', 'டபிள்யூ' போன்ற பெரிய எழுத்துகள் பக்கத்து எழுத்தோடு சேரவே வேண்டியதில்லை.

இடதுகைக்காரர்களுக்கு ஏற்பாடே வேறு. நோட்டை உடலின் நடுக்கோட்டுக்குச் சற்று இடப்புறம் வைத்து, மேல்விளிம்பு வலப்பக்கம் சாயும்படி திருப்புங்கள். நேராக வைத்தால் எழுதியதைக் கை மறைக்கும். அதைப் பார்க்கத்தான் மணிக்கட்டை வரிக்கு மேலே வளைத்துப் பிடிப்பார்கள், வலிக்கு அதுவும் ஒரு காரணம். கை எப்போதும் வரிக்குக் கீழே இருக்கட்டும். பென்சிலை முனையிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளிப் பிடிக்கட்டும். மாதிரிச் சொல்லை வரியின் வலது ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். இடது ஓரத்தில் இருந்தால் அவள் கையே அதை மூடிவிடும். எழுத்து வலப்பக்கம் சாயவில்லையே என்று திருத்தாதீர்கள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால், அல்லது நேராக நின்றால், போதும்.

இனி கைவலி. தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். எழுத்து புடைத்துக்கொண்டு நின்றால் அழுத்தம் அதிகம். 2பி பென்சில் கொடுங்கள். அது அழுத்தாமலே கறுப்பாக விழும். விரல் நீளத்துக்கும் குறைந்த துண்டுப் பென்சில் வேண்டாம். பாதம் தரையைத் தொடாவிட்டால் காலடியில் ஒரு பலகை போடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் சில வாரங்களில் வலி குறையவில்லை என்றால், குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (எழுதுவது போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்) காட்டுவது நல்லது.

இணைப்பு தடையில்லாமல் வரும்வரை பேனா வேண்டாம். பிறகு வாங்கும்போது, சீக்கிரம் உலரும் மையாகப் பாருங்கள். எழுதிய இடத்தின்மேலேயே இடதுகை நகர்ந்து போவதால், ஈர மை தாள் முழுவதும் இழுபடும்.