குடிக்காதவரும் பப்புக்குப் போகலாம், தம்பி

தம்பி, வேலைக்காக லண்டன் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, ஆபீஸ் நண்பர்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பப் பப்பாகச் சுற்றக் கூப்பிடுகிறார்கள், எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, அங்கே போய் அந்நியமாக நிற்பேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் போய் வாருங்கள்.

முதலில் டாஸ்மாக் பாரை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். இங்கே பகலில் ஒரு பப்புக்குள் போனால் பேரப்பிள்ளையோடு தாத்தா பாட்டி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், பக்கத்து மேசைக்கு அடியில் நாய் படுத்திருக்கும். உங்கள் கிளாசில் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. லைம் சோடா கேளுங்கள், பெரிய கிளாசில் ஐஸ் போட்டுத் தருவார்கள், விலையும் குறைவு. கின்னஸ் பீரிலேயே ஆல்கஹால் இல்லாத 0.0 வந்துவிட்டது. சாதா தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தரவேண்டும் என்பது இங்கே உரிம நிபந்தனை.

நீங்கள் கவனிக்கவேண்டியது ரவுண்ட் விஷயம். ஒருவர் எழுந்து போய் எல்லோருக்கும் வாங்கி வருவார், அடுத்த முறை இன்னொருவர். நீங்கள் குடிப்பது சோடாதான் என்றாலும் உங்கள் முறைக்கு எழுந்துவிடுங்கள். நாலு பைன்ட் (பெரிய கிளாஸ்) பீர் வாங்கினால் மத்திய லண்டனில் 25 பவுண்டு சுலபமாகப் போய்விடும், கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். ஆனாலும் நாலைந்து பேர் உள்ள கூட்டத்தில் சேர்ந்துகொள்வதுதான் நல்லது என்பேன். பத்துப் பேர் என்றால் முதலிலேயே "நான் தனியாக வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள், ஒருவரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பல பப்புகளில் மேசைக்கு ஆள் வராது, கவுன்ட்டருக்குப் போய்க் கேட்கவேண்டும். அங்கே வரிசை இருப்பதாகவே தெரியாது, ஆனால் உண்டு. யார் முன்னால் வந்தார்கள் என்று நிற்பவர்கள் எல்லோரும் மனதில் வைத்திருப்பார்கள். ஊற்றுகிறவர் தவறி உங்களை முதலில் கேட்டால், முன்னால் வந்தவரைக் கைகாட்டுங்கள். நோட்டை ஆட்டிக் கூப்பிடக் கூடாது. 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் வயதுச் சான்று கேட்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது, அதனால் இந்த ஊர் புரொவிஷனல் லைசென்ஸ் (வண்டி ஓட்டப் பழகுவோருக்கான லைசென்ஸ்) ஒன்று எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கொறிக்க யாராவது சிப்ஸ் வாங்கி வந்தால், பாக்கெட்டைப் பக்கவாட்டில் கிழித்துத் தட்டு போல விரித்து நடுவில் வைப்பார்கள். எல்லோருக்கும் பொது, நீங்களும் எடுக்கலாம். போர்க் ஸ்கிராட்சிங்ஸ் மட்டும் பன்றித் தோல் வறுவல், தெரிந்துகொண்டு கை வையுங்கள்.

சனிக்கிழமை எங்கே போகலாம் என்று உங்களைக் கேட்டால் லண்டன் பிரிட்ஜ் பக்கம் சொல்லுங்கள். பரோ ஹை ஸ்ட்ரீட்டில் தி ஜார்ஜ் என்ற பப் இருக்கிறது. 1676 தீயில் அந்த வட்டாரம் எரிந்த பிறகு, அடுத்த ஆண்டே திரும்பக் கட்டிய குதிரைவண்டிக் காலத்துச் சத்திரம். முற்றத்தில் நின்று மேலே பார்த்தால் மாடி நெடுக மரத்தாழ்வாரம் ஓடும். இந்த வகையில் லண்டனில் மிஞ்சியது இது ஒன்றுதான். அங்கிருந்து தேம்ஸ் கரையோடு கிழக்கே நடந்தால் ராதர்ஹைத்தில் தி மேஃப்ளவர். 1620இல் அமெரிக்கா போன கப்பலின் பெயர் அது. பின்பக்க மரத்தளம் ஆற்றுக்கு மேலேயே நீட்டியிருக்கிறது, நீர் ஏறும் நேரத்தில் பலகைக்கு அடியில் அலை மோதுவது காலில் தெரியும். இரவு நேரமானாலும் கவலை இல்லை, வெள்ளி, சனி இரவுகளில் ஜூபிலி லைன் மெட்ரோ ரயில் விடிய விடிய ஓடும்.

அந்நியமாக நிற்பேனோ என்றீர்களே, அதற்கு ஒன்று சொல்லவேண்டும். 1960களில் பர்மிங்காம் பக்கத்து ஸ்மெத்விக்கில், வெள்ளையர் அல்லாதவர்களைப் பப்பின் சில அறைகளில் உட்காரவே விடமாட்டார்கள். இந்தியத் தொழிலாளர் சங்கத்தினர் அதை எதிர்த்தார்கள். 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கு வந்தபோது, சங்கத்தைச் சேர்ந்த அவ்தார் சிங் ஜோல் அவரை ஒரு பப்புக்கு அழைத்துப் போனார். மால்கம் எக்ஸுக்கும் அப்படிப்பட்ட அறையில் ஊற்றித் தரவில்லை. அதே ஆண்டு வந்த இன உறவுச் சட்டம் பொது இடங்களில் இப்படி மறுப்பதைத் தடை செய்தது. இன்று அந்த வட்டாரத்தில் பஞ்சாபிகளே பப் நடத்துகிறார்கள், பீரோடு தந்தூரிக் கறி கிடைக்கிறது. நமக்கு முன்னால் வந்தவர்கள் போராடி வாங்கித் தந்த இடம், தம்பி. கூச்சப்படாமல் நில்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நீங்கள் குடியிருக்கும் தெருப் பக்கத்துப் பப்பையே சொல்லுங்கள். ஊர் முழுக்கச் சுற்றுவதைவிட இது முக்கியம் என்று நினைக்கிறேன். கவுன்ட்டரில் இருப்பவருக்கு உங்கள் முகம் தெரிந்துவிட்டால், நல்ல பிளம்பர் யார், எந்த வீடு வாடகைக்கு வருகிறது என்பதெல்லாம் அங்கேயே காதில் விழும். மதியம் ரோஸ்ட் சாப்பாடு (சுட்ட இறைச்சியும் காய்கறியும்) இருக்கும், சைவத்துக்கு நட் ரோஸ்ட் (கொட்டைப் பருப்புகளில் செய்தது) உண்டா என்று கேளுங்கள், கிரேவி தனியாக வேண்டும் என்பதையும் சொல்லுங்கள், சாதாரண கிரேவியில் இறைச்சிச் சாறு கலந்திருக்கும். மேசைக்கு இன்றே போன் செய்துவிடுங்கள், ஞாயிறு மதியம் நேரில் போய் நின்றால் பெரும்பாலும் இடம் கிடைக்காது.