உறுப்பு மாற்றுச் சட்டம் யாரைக் காக்கும்? – கேள்வி பதில்

கேள்வி (தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்): மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளை எடுக்க உதவியதற்காகப் பின்னாளில் என்மீது வழக்கு வருமா?

பதில்: 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு உங்களையும் காக்கிறது. இச்சட்டத்தின்படி நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்காக எவர்மீதும் வழக்கோ குற்ற நடவடிக்கையோ தொடர முடியாது என்கிறது அப்பிரிவு. ‘எவர்மீதும்’ என்பதில் மருத்துவர், செவிலியர் என்ற பேதம் இல்லை. ஆனால், ‘சட்டத்தின்படி’ என்ற நிபந்தனையை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி (உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர்): மூளைச்சாவைச் சான்றளிக்கும் படிவம் 10இல் சோதனை நேரத்தைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்கிறார்களே?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு சோதனைகள் நடந்தன என்பதற்கு நான்கு மருத்துவர்கள் கையொப்பமிடும் ஆவணம் அது. ஒரு கோப்பில் இரண்டாவது சோதனையின் நேரம் அடித்துத் திருத்தப்பட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம்கூட இல்லாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். நேர்மையாக உழைத்த குழுவே அதனால் பதில் சொல்ல முடியாமல் நின்றது. உரிய அதிகாரமின்றி உறுப்பை எடுத்தால், 2011 திருத்தத்தின்படி பத்தாண்டு வரை சிறையும் 20 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கேள்வி (கணவரை இழந்தவர்): நான் சம்மதித்தாலும் கொழுந்தனார் மறுக்கிறார். மருத்துவமனை ஏன் தயங்குகிறது?

பதில்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், அம்மா. இறந்தவர் எதுவும் எழுதி வைக்காத நிலையில், உடலுக்குச் சட்டப்படி பொறுப்பானவர் அனுமதி தரலாம். நெருங்கிய உறவினர் ஒருவருக்கு ஆட்சேபம் இருப்பது தெரிந்தால் தரக்கூடாது. சட்டம் சொல்லும் நெருங்கிய உறவினர்களில் உடன்பிறந்தவரும் அடக்கம். அவருடைய மறுப்பை அறிந்தபின் உறுப்பை எடுத்துவிட்டு நல்லெண்ணம் என்று வாதிடுவது கடினம்.

கேள்வி (சிறுநீரகம் பெற்றவர்): அறுவை சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்தாலும் 23ஆவது பிரிவு மருத்துவரைக் காக்குமா?

பதில்: இங்கேதான் சிக்கல். நேர்மையாகச் செய்தது கவனக்குறைவானதாக இருந்தாலும் நல்லெண்ணமே என்கிறது, சட்டச் சொற்களுக்குப் பொதுவாகப் பொருள் சொல்லும் 1897ஆம் ஆண்டு பொதுச் சரத்துகள் சட்டம். ஆனால், உரிய கவனமின்றிச் செய்ததை நல்லெண்ணமாகக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா ஏற்பதில்லை. அனுமதி, சான்றளிப்பு, உறுப்பை அகற்றுதல் ஆகியவற்றுக்கே இப்பாதுகாப்பு என்றும், சிகிச்சையின் தரத்துக்கான பொறுப்பை அது நீக்காது என்றும் நான் கருதுகிறேன். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று வி.பி.சாந்தா வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. முதலில் சிகிச்சை ஆவணங்களின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி.