வங்கிக்குத் தெரிவது பாதி, போலீசுக்குத் தெரிவது மீதி: கேள்வி பதில்

வங்கியில் பல வருடம் சந்தேகப் பரிவர்த்தனைகளைப் பார்த்து அறிக்கை எழுதியவன் நான். பயங்கரவாத நிதி பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கறுப்புப் பணத்தைப் பிடிக்கும் மென்பொருளே இதற்கும் போதாதா சார்?

போதாது. கறுப்புப் பணம் வந்த வழியிலேயே அழுக்கு இருக்கும். இங்கே பணம் சம்பளமாகவோ தனிநபர் கடனாகவோ நன்கொடையாகவோ வந்திருக்கலாம். போகிற இடம்தான் கேடு. தொகையும் சிறியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கே 4 முதல் 5 லட்சம் டாலர்தான் செலவானது என்று அமெரிக்க விசாரணை ஆணையம் கணக்கிட்டது. ஒரு வேனை வாடகைக்கு எடுத்துக் கூட்டத்துக்குள் ஓட்டுகிறவனுக்கு அதில் துளிகூட வேண்டாம். வேன் வாடகை கட்டியதைப் பார்த்து எந்த மென்பொருள் மணி அடிக்கும்?

அப்போது வங்கி என்னதான் செய்ய முடியும்?

ஐ.நா. தடைப் பட்டியலில் பெயர் இருந்தால் கணக்கை முடக்கலாம். அது சுலபம். பட்டியலில் இல்லாதவர்தான் சிக்கல். பெயர் போலீசிடம் இருக்கிறது, கணக்கு விவரம் வங்கியிடம் இருக்கிறது. நான் அனுப்பிய அறிக்கைகளில் பெரும்பாலானவை கிணற்றில் போட்ட கல். சரியா தவறா என்று ஒரு வரி பதில் வந்திருந்தால், அடுத்ததை இன்னும் உருப்படியாக எழுதியிருப்பேன்.

பிரிட்டன் 2015இல் வங்கிகளையும் புலனாய்வாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. ஆஸ்திரேலியா 2017இல் 'ஃபின்டெல் அலையன்ஸ்' என்ற இதே மாதிரிக் கூட்டணியைத் தொடங்கியது. ஒரு பெயர் கிடைத்ததும் கார்டு எங்கே தேய்க்கப்பட்டது, யார் பணம் போட்டார்கள் என்று பல வங்கிகள் சேர்ந்து தேடினால், பணத்தின் தடத்தோடு கூட்டாளிகளும் தெரிய வருவார்கள்.

நான் கவுண்டரில் இருக்கிறேன். வாடிக்கையாளரிடம், அவரைப் பற்றி அறிக்கை போயிருக்கிறது என்று ஜாடையாகச் சொல்லலாமா?

கூடவே கூடாது. பல நாடுகளில் அதுவே குற்றம்.

எங்கள் தொண்டு நிறுவனக் கணக்கைக் காரணமே சொல்லாமல் மூடிவிட்டார்கள். இதுவும் ஒத்துழைப்பா?

இல்லை, பயம். மொத்தமாகக் கதவைச் சாத்துவது வங்கிக்கு வசதி. ஆனால் அந்தப் பணம் நின்றுவிடாது. ரொக்கமாகவும் ஹவாலாவாகவும் யார் கண்ணிலும் படாமல் போகும். பணமோசடிக்கும் பயங்கரவாத நிதிக்கும் எதிராக உலக நாடுகளுக்கு நெறிகள் வகுக்கும் அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப்., தொண்டு நிறுவனங்கள் பற்றிய தன் 8ஆம் பரிந்துரையை 2023இல் திருத்தி, ஆபத்துக்கு ஏற்ற அளவில்தான் கட்டுப்பாடு வேண்டும், நியாயமான தொண்டுப் பணியை முடக்கக் கூடாது என்று வலியுறுத்தியது. வங்கிக்கு எழுதும்போது அதைக் குறிப்பிடுங்கள். பணம் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்ற கணக்கையும் சேர்த்து வையுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.