ஏசி கம்ப்ரஸருக்கு எந்த ஆயில்?

கேள்வி: கார் ஏசி கம்ப்ரஸரை மாற்றப் போகிறோம். 'எந்த ஆயில் ஊற்றினாலும் ஒன்றுதானுங்க' என்கிறார் மெக்கானிக். சரியா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: சரியில்லைங்க. பானட்டுக்கு உள்பக்க ஸ்டிக்கரையும் கம்ப்ரஸர் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையும் முதலில் பாருங்கள். ஏசியில் ஆர்134ஏ என்ற குளிரூட்டும் கேஸ் ஓடும் பெட்ரோல், டீசல் கார்களில் பெரும்பாலும் பிஏஜி (PAG) என்ற செயற்கை ஆயில்தான், ஆனால் அதிலேயே 46, 100, 150 என்று கெட்டித்தன்மை மாறும், உங்கள் கம்ப்ரஸருக்குச் சொன்ன எண் உள்ள ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார் என்றால் பெரும்பாலும் பிஓஇ (POE) என்ற வேறு வகை ஆயில், அங்கே கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் பிஏஜி கலந்தால் மின்கசிவு வரலாம்.

அப்புறம், வாயில் துணி அடைத்து அலமாரியில் கிடக்கும் டப்பாவிலிருந்து ஊற்ற விடாதீர்கள். பிஏஜி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், உங்கள் கண்முன்னே புது டப்பாவின் சீலை உடைக்கச் சொல்லுங்கள்.

அளவும் முக்கியம். பழைய கம்ப்ரஸரிலிருந்து வடித்த ஆயிலை அளந்து, புதியதில் ஏற்கெனவே ஆயில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். குறைந்தால் கம்ப்ரஸர் தேய்ந்து இறுகிவிடும், கூடினால் சித்திரை வெயிலில் அவிநாசி ரோட்டு நெரிசலில் நிற்கும்போது குளிர்ச்சியே வராது.