‘பி53 பாசிடிவ்’ என்றால் நல்லதா?

அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘பி53 பாசிடிவ்’ என்றிருக்கிறது. அது புற்றைத் தடுக்கும் புரதமாமே, இருப்பது நல்லதுதானே?
– வாசகர், தங்கச்சிமடம்

கேள்வி நியாயமானது, விடை நேர்மாறானது. 1979இல் கண்டறியப்பட்ட பி53, மரபணுக்களை இயக்கும் புரதம். டி.என்.ஏ. சேதமடைந்தால் நான்கு பி53 மூலக்கூறுகள் சேர்ந்து டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு, பி21 மரபணுவை முடுக்கிவிடும். செல் பிரிவது நிற்கும். ஓட்டை விழுந்த வல்லத்தைக் கரையேற்றி அடைத்த பிறகுதானே கடலில் இறக்குகிறோம்? அடைக்க முடியாத சேதமென்றால் அந்தச் செல்லையே சாகச் செய்யும்.

இவ்வளவு அதிகாரம் உள்ள புரதம் நெடுநேரம் தங்கக் கூடாது. அதனால் தன்னை அழிக்கும் எம்டிஎம்2 புரதத்தின் மரபணுவையும் பி53 தானே இயக்கிவிடுகிறது. நலமான செல்லில் விரைவில் சிதைந்துவிடுவதால் பரிசோதனைச் சாயத்தில் அதிகம் தெரியாது. பிறழ்ந்த பி53க்கோ டி.என்.ஏ.வைப் பற்றும் பிடி போய்விடுகிறது. தன்னை அழிக்கும் எம்டிஎம்2ஐயும் அதனால் உருவாக்க முடிவதில்லை. வேலை செய்யாத புரதம் குவிந்து, சாயம் அழுத்தமாக ஏறுகிறது. திட்டுத்திட்டான லேசான சாயம் இயல்பான செல்லிலும் வரும் என்பதால், அந்த ஒரு வரியைப் பார்த்துக் கலங்காதீர்கள். மருத்துவரிடம் விளக்கம் கேளுங்கள். அப்பா இன்னும் புகையிலை போடுகிறார் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அதன் நச்சு இந்த மரபணுவையே சிதைக்கக்கூடியது.

மகளுக்கு 12 வயது. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி அவசியமா?
– வாசகி, கீழக்கரை

அவசியம். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸின் இ6 புரதம், மேலே சொன்ன பி53ஐ அழிக்கிறது. இ7 புரதம், நம் செல்லில் உள்ள ஆர்.பி. என்ற இன்னொரு காவல் புரதத்தை முடக்குகிறது. செல் பிரிவுக்கான மரபணுக்களை இயக்கும் இ2எஃப் புரதத்தைக் கட்டிவைத்திருக்கும் நங்கூரக் கயிறு இந்த ஆர்.பி.; அது அறுந்தால் செல் பிரிந்துகொண்டே போகும். வைரஸ் தொற்றும் முன் போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன். 9 முதல் 14 வயது உகந்த காலம். ‘கல்யாணத்தின்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவதைக் கேட்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. ஊசி போட்டிருந்தாலும் 30 வயதுக்குப் பின் பரிசோதனை வேண்டும்.

நாங்கள் எடுக்கும் கடல்பாசி புற்றுநோயைக் குணப்படுத்துமா?
– வாசகி, சின்னப்பாலம்

இல்லை அம்மா. ஆய்வகத் தட்டில் புற்றுச் செல்லின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருட்கள் சில பாசிகளில் உண்டு. தட்டு வேறு, உடல் வேறு. பாசிப்பொடியை நம்பி யாரும் சிகிச்சையை விடக் கூடாது.

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் சாப்பிடுகிறேன். உடம்பு தேறிவிட்டது. நிறுத்தலாமா?
– வாசகர், மண்டபம்

நீங்களாக நிறுத்தாதீர்கள். 9, 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியதால் பிறந்த பிசிஆர்-ஏபிஎல் புரதம், செல்லைப் பிரியச் சொல்லி ஓயாமல் ஏவுகிறது. 2001இல் புழக்கத்துக்கு வந்த இந்த மாத்திரை அதை அடக்கிவைக்கிறது. நோயின் வேர்ச் செல்கள் ஒளிந்திருக்கக்கூடும். தங்குகடலுக்குப் போனால் அத்தனை நாளுக்கான மாத்திரையையும் ஈரம் படாத டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீர் குடித்து விழுங்குங்கள்.