16,000 ரூபாய் கேமராவுக்குச் சீட்டைத் தள்ளி எடுக்கலாமா?

கேள்வி: டெல்லி முனிர்க்காவில் இருக்கிறோம். குருகிராமில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. தெரிந்தவர்கள் வீட்டுக் காதுகுத்து, சீமந்தம், மலை மந்திர் உற்சவம் என்று இரவல் கேமராவில் படம் எடுத்துக் கொடுக்கிறேன். தை முதல் ஒரு விசேஷத்துக்கு 3,000 ரூபாய் வாங்கலாம் என்றிருக்கிறேன். சாந்தினி சௌக்கில் இரண்டு பழைய டிஎஸ்எல்ஆர் பார்த்தேன். நிக்கான் டி7000, லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும் 16,000. ஷட்டர் கவுன்ட் (இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை) 92,000 என்கிறார்கள். கேனான் 60டி, 18-135 லென்ஸோடு 21,000, கவுன்ட் தெரியாதாம். மாமனாரின் பழைய நிக்கான் லென்ஸ் இரண்டு, 50 மி.மீ. எஃப் 1.8டி, 85 மி.மீ. எஃப் 1.8டி, பீரோவில் கிடக்கின்றன. பணத்துக்கு 50,000 ரூபாய் ஏலச்சீட்டை எடுக்கலாமா? இந்த மாதம் 12,000 தள்ளினால் (கழிவாக விட்டுக்கொடுத்தால்) கிடைக்கும். மாதம் 8,000 மிச்சம் பிடிக்கவும் முடியும். கணவரோ, புது மிரர்லெஸ்ஸே (டிஎஸ்எல்ஆரில் உள்ள கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) இஎம்ஐயில் வாங்கு என்கிறார்.
- ஒரு வாசகி, முனிர்க்கா

பதில்: சீட்டை இப்போது தொடாதீர்கள். கேமரா பேச்சு அப்புறம்.

12,000 தள்ளினால் கைக்கு வருவது 38,000. உங்களுக்குத் தேவையோ அதில் முக்கால் பங்குகூட இல்லை. நிக்கான் 16,000, செகண்ட் ஹேண்ட் 18-55 லென்ஸ் ஒரு 4,000, கார்டு, கூடுதல் பேட்டரி 3,000, பழைய லென்ஸைத் துடைத்துச் சரிபார்க்க 1,000 என்று வைத்தால் மொத்தம் 24,000. எட்டு விசேஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அந்த 12,000-ஐயும் இதன் தலையில் ஏற்றினால் 36,000, பன்னிரண்டு விசேஷம். நாலு விசேஷ உழைப்பு சீட்டு எடுத்த அவசரத்துக்கே போய்விடும். ஏலத்தில் தள்ளும் தொகை வட்டிதான். வேறு பெயரில் வருவதால் நம் கண்ணில் படுவதில்லை.

காத்திருந்தால் என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. மாதம் 8,000 வீதம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்தில் அதே 24,000 சேர்ந்துவிடும். மார்கழியில் எப்படியும் கல்யாணம் கிடையாது. தங்கம் என்றால் விலை ஏறிவிடுமோ என்ற பயம் நியாயம். ஆனால் இவை இரண்டும் 2010-ல் வந்த கேமராக்கள். 2018-ல் கேனான், நிக்கான் இருவருமே ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) மிரர்லெஸ் பக்கம் திரும்பிய பிறகு பழைய டிஎஸ்எல்ஆர் விலை இறங்குமுகம்தான். "நாளைக்கு வந்தா இருக்காது" என்று கடைக்காரர் சொல்வார். சொல்லட்டும். கூச்சா சௌத்ரி மார்க்கெட்டில் இன்னொன்று கிடைக்காமல் போகாது.

சரி, எதை வாங்குவது? கேனானும் கார்டு, பேட்டரி சேர்த்தால் அதே 24,000-தான். 18 மெகாபிக்சலா 16-ஆ என்பது ஆல்பத்தில் தெரியாது, அதை மறந்துவிடுங்கள். என் ஓட்டு நிக்கானுக்கு. காரணம் உங்கள் பீரோவில் இருக்கிறது.

மாமனாரின் லென்ஸ்களில் மோட்டார் கிடையாது. டி7000-ன் உடம்பிலேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் அவை தானாக ஃபோகஸ் ஆகும். கேனானின் 18-135-ல் ஜூம் செய்தால் எஃப் 5.6-தான். எஃப் எண் சிறிதாக ஆக வெளிச்சம் கூடும்; மாமனாரின் லென்ஸ்களின் எஃப் 1.8 அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். சந்நிதி விளக்கு வெளிச்சத்தில் ஃப்ளாஷ் போடாமல் எடுப்பவருக்கு இதுதான் பெரிய விஷயம். கேனான் வாங்கினால் இதற்காகத் தனியாக ஒரு லென்ஸ் வாங்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, டி7000-ல் இரண்டு கார்டு போடலாம். ஒரே படம் இரண்டிலும் பதியும். காசு வாங்கிக்கொண்டு எடுக்கிறீர்கள். கார்டு கெட்டுப்போனால் குழந்தைக்கு மறுபடியும் காது குத்தச் சொல்ல முடியுமா? 60டி-யில் ஒரே கார்டுதான். அதன் திரும்பும் திரை வீடியோவுக்கு வசதி. நீங்கள் வீடியோ பற்றி எழுதவே இல்லை.

கணவரின் யோசனையை இஎம்ஐக்காக மட்டும் மறுக்கவில்லை. நிக்கான் மிரர்லெஸ்ஸில் நிக்கானின் சொந்த அடாப்டரைப் போட்டாலும் இந்த இரண்டு லென்ஸும் தானாக ஃபோகஸ் ஆகாது. கையால் திருப்பித்தான் எடுக்க வேண்டும்.

ஷட்டர் எண்ணிக்கையைக் கடைக்காரர் வாயால் கேட்டு நம்பாதீர்கள். உங்கள் கார்டைப் போட்டு ஒரு படம் எடுங்கள். நிக்கான் ஒவ்வொரு படக் கோப்பிலும் அந்த எண்ணைப் பதிகிறது, கம்ப்யூட்டரில் பார்க்கலாம். கேனான் 60டி படத்தில் அது இருக்காது. கேபிள் மாட்டி மென்பொருள் வைத்துத்தான் எடுக்க வேண்டும். டி7000 ஷட்டர் 1,50,000 தடவைக்கும் 60டி ஷட்டர் 1,00,000-க்கும் சோதிக்கப்பட்டவை. 92,000 உண்மையானால் மீதி 58,000. விசேஷத்துக்கு 600 படம் என்றால் 90-க்கு மேல் வரும். உத்தரவாதம் அல்ல, கணக்குக்காகச் சொல்கிறேன். எஃப் 16-ல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால் சென்சாரில் உள்ள தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டு கார்டு இடத்தையும் சோதியுங்கள். சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான்.

படம் எடுத்து வரும் காசு தொழில் வருமானம். சம்பளத்தோடு அதையும் காட்ட வேண்டும், எனவே ஐடிஆர்-1 (சம்பளக்காரர்களுக்கான எளிய வருமான வரிப் படிவம்) இனி உங்களுக்குப் பொருந்தாது. கணக்கு வேலை பார்ப்பவருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் முன்னால், இன்று இரவே அந்த லென்ஸ்களை எடுத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பூஞ்சை. லேசாக இருந்தால் சுத்தம் செய்யலாம். இரண்டிலும் கண்ணாடியையே அரித்திருந்தால் நிக்கானுக்காக நான் சொன்ன முக்கியக் காரணம் போய்விடும். அப்போது லென்ஸோடு வரும் கேனானை வாங்குங்கள். அதுவும் தை மாதம்தான்.