எல்லாக் கட்டத்திலும் 'ஆம்': வெண்டர் படிவத்தை நம்பலாமா?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் இயந்திர உதிரிபாகங்கள் செய்து ஜெர்மனிக்கு அனுப்பும் நிறுவனத்தில் கொள்முதல் பிரிவைக் கவனிக்கிறேன். தொழிலாளர் நலன், சுற்றுச்சூழல் விஷயங்களில் எங்கள் வெண்டர்களைச் சரிபார்த்துத் தரும்படி வாடிக்கையாளர் கேட்கிறார். 140 பேருக்குக் கேள்விப் படிவம் அனுப்பினேன். எல்லாரும் எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' என்று எழுதிவிட்டார்கள். அப்படியே அனுப்பிவிடலாமா? என்னோடு இரண்டு பேர்தான் வேலை செய்கிறார்கள்.

பதில்: அனுப்ப வேண்டாம். அந்தப் படிவங்கள் வெண்டர்களின் முகவரிப் பட்டியலாகப் பயன்படும், ஆதாரமாகப் பயன்படாது. ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் இருப்பவர் 'இல்லை' என்று எழுதமாட்டார். சான்றிதழுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலைக்கு, தொழிலாளர் நலனுக்கான எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்தது 2012 ஆகஸ்டில். செப்டம்பர் 11 அன்று அங்கே தீப்பிடித்தபோது கதவுகள் பூட்டியிருந்தன. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். தணிக்கை செய்வது யார், அதற்குக் காசு கொடுப்பது யார் என்பதைப் பொறுத்தே முடிவு மாறுகிறது. ஷார்ட், டோஃபெல், ஹியூகில் மூவரும் கிட்டத்தட்ட 17,000 தணிக்கைகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட கட்டுரை இதைக் காட்டியது. தணிக்கைச் செலவைச் சப்ளையரே ஏற்கும்போதும், முன்பு வந்தவரே மறுபடி வரும்போதும், குழுவில் பெண்களே இல்லாதபோதும் பதிவாகும் மீறல்கள் குறைந்தன.

முதலில் 140ஐக் குறையுங்கள். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். வாங்கும் தொகையை வைத்து வெண்டர்களை ஏ, பி, சி என்று பிரித்து, மேலே இருப்பவர்களை மட்டும் பார்க்கிறார்கள். உங்கள் பெரிய தொகையெல்லாம் இரும்பு வாங்கப் போகிறது. மாதம் 40,000 ரூபாய்க்கு ஜாப் ஒர்க் செய்யும் பிளேட்டிங் (உலோக முலாம் பூசும்) பட்டறை சி பட்டியலில் கிடக்கும். ஆபத்து அங்கே இருக்கும். தொகையை மறந்துவிட்டு, செய்யும் வேலையைப் பார்த்துப் பிரியுங்கள்: பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட், ஃபவுண்டரி, பவுடர் கோட்டிங், ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டர், ஸ்கிராப் எடுப்பவர். பதினைந்து பெயருக்கு மேல் வராது. இரண்டு பேரால் ஆறு மாதத்தில் முடியக்கூடிய வேலைதான்.

அந்தப் பதினைந்து பேரிடம் போகுமுன் உங்கள் சொந்தக் கணக்கைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, பணம் தரும் நாள். உத்யம் (அரசின் சிறுதொழில்) பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் நிறுத்திவைக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 90 நாள் கழித்துப் பணம் தரும் நிறுவனம், 'சம்பளத்தை 7ஆம் தேதிக்குள் போடுகிறாயா' என்று வெண்டரைக் கேட்பது நியாயமில்லை.

இரண்டு, அவசர ஆர்டர். பட்டறையில் 2 சிஎன்சி (கணினி இயக்கும்) இயந்திரம், ஒரு ஷிப்ட், வாரம் 48 மணி நேரம் என்றால் மொத்தம் 96 மணி நேரம். ஒரு பீஸுக்கு 3 நிமிடம் ஆகும் பாகம் 4,000 வேண்டும், ஒரே வாரத்தில் வேண்டும் என்று எழுதினால் தேவை 200 மணி நேரம். மீதி 104 மணி நேரம் ராத்திரி ஷிப்டிலோ, உங்களுக்குப் பெயரே தெரியாத இன்னொரு ஷெட்டிலோ ஓடும். அந்த ஓவர்டைமை எழுதிக் கொடுத்தது உங்கள் பர்ச்சேஸ் ஆர்டர்.

மூன்று, விலை. பி.எஃப். முதலாளி பங்கு இதர கட்டணங்களோடு 13%, இ.எஸ்.ஐ. 3.25%, குறைந்தபட்ச போனஸ் 8.33%. சம்பளத்துக்கு மேல் ஏறக்குறைய 25% ஆகிறது. 'கட்டுப்படியாகாது சார்' என்று சொல்லிக்கொண்டே ஒருவர் ஆர்டரை எடுத்தால், இந்த 25 சதவீதத்தில்தான் கைவைப்பார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வில், உற்பத்திச் செலவுக்கும் கீழான விலையில் ஆர்டர் எடுத்ததாக 39% சப்ளையர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இனி பட்டறைகள். குரோம் பிளேட்டிங்கை விரிவாகச் சொல்கிறேன். பீன்யா நிலத்தடி நீரில் விஷத்தன்மை மிக்க ஆறு இணைதிற குரோமியம் கலந்திருப்பது பல ஆண்டுகளாகப் பதிவான விஷயம். அது நம்மைச் சுற்றியுள்ளவர்கள் குடிக்கும் தண்ணீர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதிக் கடிதத்தைப் பார்த்தவுடன் திருப்தி அடையாதீர்கள். மூன்று பில்களை வாங்கி ஒன்றோடொன்று பொருத்துங்கள்: முலாமுக்கான குரோமிக் அமிலம் வாங்கியது, கழிவுநீரின் விஷத்தைக் குறைக்கும் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் வாங்கியது, கடைசியில் படியும் ஸ்லட்ஜ் (கசடு) அனுப்பியது.

கணக்கு எளிது. கழுவும் தண்ணீரோடு போகும் ஒரு கிலோ குரோமிக் அமிலத்தை விஷம் குறைந்த மூன்று இணைதிற நிலைக்குக் கொண்டுவர, குறைந்தது 1.4 கிலோ மெட்டாபைசல்ஃபைட் வேண்டும். பிஹெச் (அமில அளவு) 2 முதல் 3க்குள் இருக்கும்போது போட்டால் மஞ்சள் தண்ணீர் பச்சையாகும். பிறகு சுண்ணாம்பு போட்டு பிஹெச்சை 8 முதல் 9க்கு ஏற்றினால் ஸ்லட்ஜ் படியும். ஒரு கிலோ அமிலத்துக்கு உலர்ந்த கணக்கில் ஒரு கிலோ. ஃபில்டர் பிரஸ்ஸில் வரும் ஈரக் கட்டியில் 70-80% தண்ணீர் என்பதால் மூன்றரை முதல் 5 கிலோ. ஆக, மாதம் 50 கிலோ அமிலம் வாங்கி அதில் பாதி கழிவுநீரில் போனால் 35 கிலோ மெட்டாபைசல்ஃபைட் பில்லும், 85 கிலோவுக்குக் குறையாத ஸ்லட்ஜும் இருக்க வேண்டும். அபாயக் கழிவு கிடங்குக்குப் போனதற்குப் படிவம் 10 மேனிஃபெஸ்ட் (கழிவை அனுப்பியதற்கான ஆவணம்) இருக்கும். சாதாரணமாக 90 நாளுக்கு மேல் பட்டறையில் வைத்திருக்கவும் விதி அனுமதிப்பதில்லை. வருடத்துக்கு ஒரு மூட்டை ஸ்லட்ஜ் என்றால் மீதி சாக்கடைக்குப் போகிறது. மெட்டாபைசல்ஃபைட்டுக்குப் பதில் ஃபெரஸ் சல்ஃபேட் போடுகிறோம் என்றால் அந்த பில்லைக் கேளுங்கள். அப்போது இரும்பும் சேர்ந்து படிவதால் ஸ்லட்ஜ் இன்னும் கூடத்தான் வரும்.

சிங்க் பிளேட்டிங்கில், ஆறு இணைதிற குரோமியம் வைத்துச் செய்யும் மஞ்சள் பாஸிவேஷன் (துருவைத் தடுக்கும் மேல்பூச்சு) கேட்டு டிராயிங் போட்டிருப்பது பல நேரம் நீங்களேதான். மூன்று இணைதிற பாஸிவேஷனுக்கு மாற்ற முடியுமா என்று டிசைன் பிரிவைக் கேளுங்கள். வெண்டரைத் திருத்துவதைவிட டிராயிங்கைத் திருத்துவது சுலபம்.

ஆட்கள் விஷயத்தில் ஒரே சோதனை போதும். பி.எஃப். சலானோடு வரும் இ.சி.ஆர். (மாதாந்திர பி.எஃப். கணக்கு) பட்டியலில் எத்தனை பெயர், கேட் ரெஜிஸ்டரில் எத்தனை பெயர், இரவு 8 மணிக்கு உள்ளே எத்தனை பேர். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் காரணம் கேளுங்கள். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களிடம் அவர்கள் மொழியிலேயே, முதலாளி பக்கத்தில் இல்லாதபோது பேசுங்கள்: ஊரிலிருந்து வர ஏஜெண்டுக்குப் பணம் கட்டினாயா, ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது.

குறை தெரிந்ததும் வெண்டரை வெட்டிவிடத் தோன்றும். வெட்டினால் அதே பட்டறை கேள்வி கேட்காத இன்னொருவருக்கு அதே வேலையைச் செய்யும். ரிச்சர்ட் லாக் குழுவினர் நைக்கியின் 51 நாடுகளைச் சேர்ந்த 800க்கும் மேற்பட்ட சப்ளையர்களின் தணிக்கை விவரங்களை ஆராய்ந்தார்கள். கண்காணிப்பு மட்டும் பெரிய மாற்றம் தரவில்லை. உற்பத்தித் திட்டமிடலையும் கூட இருந்து சீர்செய்த இடத்தில் நிலைமை மேம்பட்டது. ஜெர்மனியில் 2023இல் அமலுக்கு வந்த சப்ளை செயின் சட்டமும் உறவை முறிப்பதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது. குழந்தைத் தொழிலாளர், கொத்தடிமை, பூட்டிய வெளிவழி: இவற்றுக்கு மட்டும் அவகாசம் தராதீர்கள், அன்றே வேலையை நிறுத்தி, பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் உறுதியான பிறகே மறு ஆர்டர். மற்றவற்றுக்கு 90 நாள் தவணை கொடுத்து, செலவில் உங்கள் பங்கு என்ன என்று எழுதிக் கொடுங்கள்.

வாடிக்கையாளருக்கு 140 படிவங்களுக்குப் பதிலாக நான்கு பக்கம் போதும்: எந்தப் பதினைந்து பேர், ஏன் இவர்கள், என்ன கண்டோம், எது இன்னும் சரியாகவில்லை, எந்தத் தேதிக்குள் சரியாகும். அதே கடிதத்தில் நீங்களும் ஒன்று கேளுங்கள்: ஷெட்யூலைக் கடைசி நான்கு வாரங்களில் மாற்றாமல் இருக்க முடியுமா என்று. அடுத்த முறை பிளேட்டிங் கொட்டேஷன் வாங்கும்போது ஸ்லட்ஜ் அகற்றும் செலவைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். பேரம் பேசும்போது அந்த வரியைத் தொடாதீர்கள்.